ஒன்பது பழைய கழி, மூன்று புதுக் கழி

அத்தியாயம் 6

டீல் முனையில் அன்று காலை விசுவாசத்துக்குப் பஞ்சமே இல்லை.

அசரையா டில்லின் கடை வாசலில் படுக்கை விரிப்பு அகலத்துக்கு ஒரு வடக்கத்தி யூனியன் கொடி. எதிர்வீட்டில் அதைவிட ஒரு முழம் பெரிய கொடி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பங்களில் தெற்கத்திக் கலகக்காரர்களின் கொடி பறந்ததை ஓபதையா ஸ்டைரன் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். துணியை மாற்றியவர்கள் கம்பத்தைக்கூட மாற்றவில்லை.

ஸ்டைரனுக்கு வயது ஐம்பத்தெட்டு. கரையில் மோதி உடைகிற கப்பல்களின் சரக்கை ஏலம் போடும் கமிஷனராகப் பதினெட்டு வருஷம் இருந்தவர். எந்த மாவுப் பீப்பாய் எந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்று தெருவில் நடந்தபடியே சொல்லிவிடுவார். போன வருஷம் வடக்கத்திப் பட்டாளம் ஊரைப் பிடித்ததும், அந்த மூக்கைத்தான் கேப்டன் தேயர் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். ஏலம் போய்விட்டது, பட்டம் போகவில்லை. ஊருக்கு அவர் இன்னும் கமிஷனர்தான்.

"பதினேழு, கமிஷனரே," என்று படகிலிருந்து குரல் கொடுத்தான் இஷாம் பெல்.

"என்ன பதினேழு?"

"கொடிதான். போன வாரம் எண்ணினப்போ பதினாலு. நடுவுல கப்பல்ல செத்தது பதினொரு பேர். கணக்குப் பாத்தா, ஒரு ஆள் செத்தா கால் கொடி ஏறுது."

இஷாம் அவருடைய உதவியாள். ஆற்றுக்கு மேலே ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்து, போன வசந்தத்தில் முதலாளியின் படகிலேயே முதலாளியை விட்டு ஓடி வந்தவன். அந்தப் படகில்தான் இப்போது இருவரும் துப்பறிகிறார்கள்.

"உன் வீட்ல ஒண்ணு கட்டலியா?"

"எனக்கு எதுக்குங்க? ஊர்ல ஒருத்தர் விடாம விசுவாசச் சத்தியம் வாங்கினாங்க, என்ன மட்டும் யாருமே கேக்கல. என் மூஞ்சியப் பாத்தாலே எந்தப் பக்கம்னு தெரியுதாம்."

ஸ்டைரன் சிரிக்காமல் படகில் ஏறி உட்கார்ந்தார். மடியில் ஒரு வாக்குமூலத்தின் நகல். மூன்று நாளுக்கு முன், விடிவதற்கு முந்தைய இருட்டில், 'மேரி டன்' என்ற யூனியன் பீரங்கிப் படகு மணல்திட்டில் ஏறி நின்றது. எதிர்க்கரையில் கலகக்காரர்களின் பீரங்கிகள் தயாராகக் காத்திருந்தன. பதினொரு மாலுமிகள் செத்தார்கள். படகை ஓட்டி வந்த வழிகாட்டி எப்ராயிம் காஸ்கில் இப்போது உப்புக் கிடங்கில் விலங்கோடு கிடக்கிறான். ஆழமான வழியைக் காட்டும் கழிகளை நட்டுப் பராமரிப்பவனும் அவனேதான். மதியம் பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் நீராவிக் கப்பல் அவனைக் கோட்டைக்குக் கொண்டு போகும். துரோகி என்று கோட்டைக்குப் போனவன் எவனும் நடந்து திரும்பியதில்லை.

அவன்மேல் குற்றம் சாட்டியவர் அசரையா டில். கடைக்காரர், யூனியன் விசுவாசிகள் கமிட்டியின் தலைவர். ஊர் விழுந்த மறுநாள் காலை, சத்தியம் செய்ய நின்ற வரிசையில் முதல் ஆள். அவருடைய சத்தியச் சான்றிதழின் எண் ஒன்று. கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

"இதக் கேளு," என்று ஸ்டைரன் படித்தார். "'அன்று அமாவாசை. வத்தத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று தெரிந்தே காஸ்கில் படகைத் திட்டின்மேல் ஏற்றினான்.'"

இஷாம் துடுப்பை நிறுத்தினான். "அமாவாசையா? இந்தத் தண்ணிக்கும் நிலாவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே."

"கிடையாது."

அந்த உப்பங்கழியில் தண்ணீரை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். வடகிழக்கு அடித்தால் ஏறும், தென்மேற்கு அடித்தால் வடியும். நிலா தேய்ந்தாலும் வளர்ந்தாலும் அங்கே எவனும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இது டீல் முனையில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள், நிலாவைப் பார்த்துக் கடலுக்குப் போகும் மாசசூசெட்ஸிலிருந்து வந்த கேப்டன் தேயர்.

"அன்னிக்கு அடிச்சது வடகிழக்கு," என்றார் ஸ்டைரன். "எங்க வீட்டுப் படி மூணு முழுகிக் கிடந்துச்சு. நல்ல வழியில வந்திருந்தா ரெண்டு மேரி டன் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்து வந்திருக்கலாம்."

"அப்ப டில் சொன்ன பொய் நமக்கில்ல. வெளியூர்க்காரருக்குன்னே அளவெடுத்துத் தச்சது."

"ஆமா. ஆனா பொய் சொன்னான்னு நிரூபிச்சா எப்ராயிம் வெளிய வரமாட்டான். தப்பாச் சொல்லிட்டேன்னு டில் தலையச் சொறிஞ்சா முடிஞ்சுபோச்சு. பாயை விரி. கழியப் போய்ப் பாப்போம்."

* * *

வழி நெடுக ஜூனிப்பர் மரக் கழிகள் நின்றன, உச்சியில் சுள்ளிக் கட்டோடு. ஸ்டைரன் முதல் கழியைப் பிடித்துப் படகை நிறுத்தினார். கழியின் மேல் ஒட்டி வளரும் சிப்பிக்கரடு ஒரு கை நீளம் தண்ணீருக்கு மேலே நின்றது. வெயிலில் காய்ந்து வெளுத்து, நாற்றம் வேறு.

"தண்ணிக்குள்ள பொறந்த ஜாதி இது. மேல வந்து என்ன பண்ணுது?" என்றான் இஷாம்.

"இன்னிக்குத் தண்ணி எப்படி?"

"இறங்கல. படகுத்துறையில வழக்கமான பாசிக்கோட்டுக்குச் சரியா நிக்குது. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"அப்ப ஏறினது கரடு இல்ல. ஆழத்துல நின்ன கழியப் பிடுங்கி இந்த மேட்டுல நட்டிருக்காங்க."

அடுத்த கழியிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். மொத்தம் பன்னிரண்டு கழி. ஒன்பதில் வெளுத்த கரடு. மூன்றில் கரடே இல்லை. பச்சைக் கழி, வெட்டுவாயில் பிசின்கூடக் காயவில்லை.

ஸ்டைரன் படகில் எழுந்து நின்று வரிசையை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கள்ள வழி நேராகத் திட்டை நோக்கித்தான் போயிருக்க வேண்டும். போகவில்லை. நடுவில் காரணமே இல்லாமல் வடக்கே வளைந்து, அரைவட்டம் போட்டு, மறுபடி பழைய கோட்டுக்கு வந்து சேர்ந்தது. மூன்று புதுக் கழியும் அந்த வளைவில்தான் நின்றன.

"இஷாம், நீ ஒரு கப்பலக் கொல்லணும். எதிரி பாக்காம கழிய மாத்தி நடணும். அவசரம். அப்ப மூணு கழியக் கூடுதலா வெட்டிச் சுமந்துட்டு வந்து வழிய வளைப்பியா?"

"நான் சோம்பேறிங்க. நேராவே கொன்னுடுவேன்."

"அப்ப வளைவுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு."

இஷாம் குனிந்து பார்த்தான். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. அடியில் பாத்தி பாத்தியாகச் சிப்பிகள். காட்டுச் சிப்பி விரல் விரலாக ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக வளரும். இவை தனித்தனியாக, உருண்டையாக, உள்ளங்கை அகலத்துக்கு இருந்தன. கலைத்து, இடம் விட்டு, வருஷக்கணக்கில் வளர்த்த சிப்பித் தோட்டம்.

ஸ்டைரனுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர் முகம் கோணியது. நேராக வழி போட்டால் படகு தோட்டத்தின் நடுவில் உழுதுகொண்டு போகும். தவறி அங்கேயே தரை தட்டினால் பீரங்கிக் குண்டும் அங்கேயே விழும். அதனால் ஒருவன் உட்கார்ந்து யோசித்து, மூன்று கழி அதிகமாக வெட்டியிருக்கிறான்.

"பதினொரு பேர் சாகலாம்," என்றார். "சிப்பி சாகக்கூடாது."

தண்ணீரில் துப்பினார்.

"கவலைய விடுங்க கமிஷனரே. தோட்டம் யாருதோ அவன்தான் ஆளு. மூலைக் கழியில சொந்தக்காரன் குறி இருக்கணும்ல? சட்டமே அப்படித்தானே."

இஷாம் உற்சாகமாகப் படகைத் தள்ளினான். மூலைக் கழி கருத்துப் பழசாக நின்றது. பாசியை உள்ளங்கையால் தேய்த்தான். செதுக்கிய குறி ஒன்று வெளியே வந்தது: ஒரு தூண்டில் முள், அதன் கீழ் ஒரு கோடு.

அந்தக் குறியை டீல் முனையில் தெரியாதவர் இல்லை. எழுதத் தெரியாத எப்ராயிம் காஸ்கிலின் கையெழுத்தே அதுதான்.

சூரியன் ஒன்பது மணி உயரத்தில் இருந்தது.

* * *

உப்புக் கிடங்கில் எப்ராயிம் ஒரு மடவை மீன் பீப்பாயின்மேல் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது. உப்புக்காற்றில் காய்ந்த முகம். இந்தக் கரையில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் மச்சான். அவனும் ஸ்டைரனை அப்படித்தான் கூப்பிடுவான்.

"வா மச்சான். கயிறு அளவெடுக்க வந்தியா?"

"வடக்குத் திட்டுப் பக்கத்துல ஒரு சிப்பித் தோட்டம். யாருது?"

எப்ராயிம் கண்ணைத் திருப்பிக்கொண்டான். "என்னுது. எங்கப்பாவும் நானும் போட்டது."

"கழிய மாத்தி நட்டவன் அந்தத் தோட்டத்தக் காப்பாத்தறதுக்காகவே வழிய வளைச்சிருக்கான். அதக் கொண்டுபோய்க் கேப்டன்கிட்டச் சொன்னேன்னா, மதியம் வரைக்கும் காத்திருக்காம இங்கயே தூக்கிடுவாங்க. ஏதாவது பேசு."

"என்ன பேசறது? ரெண்டு வருஷத்துக்கு முன்ன, அறுபத்தொண்ணுல, தெற்குக்காரன் சத்தியம் கேட்டான். ஊரே போய்ப் பண்ணிச்சு. நான் போகல. யூனியனுக்கு எதிரா கைய உசத்த மாட்டேன்னேன். ஊர்க்காவல்காரங்க வந்து தோட்டத்தப் பிடுங்கிட்டாங்க. என் மூத்தவனையும் அடிச்சாங்க, அவனுக்கு ஒரு காது இன்னும் கேக்காது."

"பிடுங்கி யாருக்குக் குடுத்தாங்க?"

எப்ராயிம் விலங்குச் சங்கிலியை விரலால் உருட்டினான்.

"அட, வாயத் திறய்யா!" என்று இஷாம் கத்தினான். "கழுத்து உன்னுது!"

"டில்லுக்கு," என்றான் எப்ராயிம். "அப்பயும் அவன்தான் கமிட்டித் தலைவன். தெற்குக்காரன் கமிட்டிக்கு. யூனியன் வந்ததும் திரும்பக் கிடைக்கும்னு நெனச்சேன். வரிசையில போய் நின்னா எனக்கு நாப்பது பேர் முன்னாடி அவன் நிக்கிறான், தொப்பியக் கழட்டிக்கிட்டு. இப்ப நான் சொன்னா யார் நம்புவாங்க? காகிதம் இல்ல, எழுத்து இல்ல. தோட்டத்துக்காக நல்ல மனுஷன்மேல பழி போடறான்னுதான் சொல்லுவாங்க. மூலையில என் குறிதான் நிக்குது. டில் அத மாத்தவே இல்ல."

"ஏன் மாத்தல?"

"ரெண்டு பக்கமும் பாக்கிறவன். நாளைக்கு எந்தப் பக்கம் வந்து எது கேட்டாலும் என் பேருதானே நிக்கும்."

வெளியே வந்ததும் ஸ்டைரன் சுவரில் கை ஊன்றி நின்றார். இத்தனை வருஷமாகத் திருட்டுச் சரக்கைத் தேடி எத்தனையோ கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருக்கிறார். இவ்வளவு நாற்றம் எங்கேயும் அடித்ததில்லை. தெற்கு சத்தியத்தையும் வடக்கு சத்தியத்தையும் ஒரே நாக்கால் நக்கிய ஊர், தெற்கு சத்தியம் செய்ய மறுத்த ஒருவனைத்தான் துரோகி என்று கட்டி வைத்திருக்கிறது.

"எதிர்க்கரைக்கும் நல்லவனா இருக்கவும், தோட்டம் கேக்க எப்ராயிம் இல்லாமப் பண்ணவும்தான் டில் கழிய மாத்தியிருக்கான். ஆனா அத அவன் வாயே சொல்லணும்," என்றார். "வேற வழியில்ல."

"அவர் வாய் இப்ப எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும்," என்றான் இஷாம். "தினமும் பத்து மணிக்குக் கேப்டனோட சாப்பாட்டு மேசையில. ஒரு வாளி சிப்பியும் கொண்டுபோவார். உடைச்சு வைக்கிறது என் பொண்டாட்டி குளோயி. நேத்துகூடச் சொன்னா, ஒவ்வொண்ணும் உருண்டையா உள்ளங்கை அளவாம்…"

அவன் பாதியில் நிறுத்தினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த நொடி, ஐம்பத்தெட்டு வயசுக்காரர் ஓடினார்.

* * *

கேப்டன் தேயர் கழுத்தில் துணி கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அசரையா டில். சின்ன உருவம், சுத்தமான சட்டை, நெஞ்சில் மூன்று நிற ரிப்பன். குளோயி இரண்டாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஓட்டில் மினுமினுத்துக்கொண்டு பன்னிரண்டு சிப்பி.

"கமிஷனர், உட்காருங்க," என்றார் கேப்டன். "ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க. எங்க ஊர்லகூட இப்படிக் கிடைக்காது."

"வயிறு சரியில்லீங்க," என்றார் ஸ்டைரன், உண்மையாகவே. "கழிகளப் பாத்துட்டேன். யாரோ ஆழத்துலேர்ந்து பிடுங்கி மேட்டுல நட்டிருக்காங்க. நட்டவன் ஒரு சிப்பித் தோட்டத்த ஒதுக்கி வழிய வளைச்சிருக்கான். அந்தத் தோட்டம் யாரோடதோ, பதினொரு பேரக் கொன்னது அவன்தான்."

"சிப்பியைக் காப்பாற்றவா?" கேப்டன் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தார். "எந்தத் தோட்டம்?"

"வடக்குத் திட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது. அந்தத் தண்ணியில அது ஒண்ணுதான். மூலைக் கழியில ஒரு குறி இருக்கு."

ஸ்டைரன் அதோடு நிறுத்திக்கொண்டார். குறி என்ன என்று சொல்லவில்லை. டில்லின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. மேசைமேல் கிடந்த உப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டில் பொறுக்க முடியாமல் எழுந்தே விட்டார். "தூண்டில் முள்ளுதானே? கேப்டன், அது எப்ராயிம் காஸ்கிலோட குறி! ஊரே சொல்லும். நான் அப்பவே சொன்னேனா இல்லையா? தன் தோட்டத்தக் காப்பாத்தறதுக்காக நம்ம பிள்ளைங்களக் கொன்னுட்டானே, பாவி!" கைக்குட்டையை எடுத்துக் கண்ணைக்கூட ஒற்றிக்கொண்டார்.

"ஆக, அந்தத் தோட்டக்காரன்தான் கொலைகாரன்னு நீங்களும் ஒத்துக்கிறீங்க?" என்று ஸ்டைரன் மெதுவாகக் கேட்டார்.

"பைபிள்மேல அடிச்சுச் சொல்றேன்!"

இஷாம் கதவோரமாகத் தொண்டையைச் செருமினான். "குளோயி, கேப்டனுக்கு இன்னும் ஒரு தட்டு வை. மிஸ்டர் டில் கொண்டுவந்தது அப்படியே இருக்கு பாரு."

கேப்டன் தேயர் சுறுசுறுப்பான மூளைக்காரர் இல்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் எதையும் மறக்கிறவரும் இல்லை. தட்டைப் பார்த்தார். டில்லைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார்.

"மிஸ்டர் டில்," என்றார். "முதல் வாளி கொண்டுவந்த அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? 'வடக்குத் திட்டுப் பக்கம் என் சொந்தத் தோட்டம், என் கையால வளர்த்தது'ன்னு சொல்லலையா? தினமும் சொல்றீங்களே. நான் மனைவிக்குக் கடிதத்திலேகூட எழுதிட்டேன்."

டில் கைக்குட்டையை மடித்து மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"அது… நான் பாத்துக்கிறேன்… ஒரு பாதுகாப்புக்காக…"

"எப்போதிலிருந்து?"

"அறுபத்தொண்ணுல ஊர்க்காவல்காரங்க… எனக்கு…" டில் தன் வாயைத் தானே மூடிக்கொண்டார். தாமதமாகத்தான்.

காவலாளிகள் வந்து கையைப் பிடித்தபோது அவர் செய்த காரியத்தை ஸ்டைரன் சாகும்வரை மறக்க மாட்டார். டில் அழவில்லை, திமிறவில்லை. "அந்தச் சத்தியக் காகிதத்தக் கொண்டாங்க," என்றார். "இன்னொரு தடவ பண்றேன். இப்பவே பண்றேன். எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்." அவர் வலதுகை தானாகவே உயர்ந்து நின்றது. பழகிய கை.

ஸ்டைரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேப்டன் கழுத்துத் துணியை அவிழ்த்தார். அதுவரை எத்தனை சிப்பி சாப்பிட்டோம் என்று மனசுக்குள் எண்ணுவதுபோல் முகம். "கமிஷனர், கமிட்டித் தலைவர் விஷயம் வெளியே அதிகம் பரவ வேண்டாம். விசுவாசமான ஜனங்க மனசு தளர்ந்துடும்."

"தளராதுங்க," என்றான் இஷாம். "நாளைக்கு இன்னும் மூணு கொடி ஏறும், பாருங்க."

"அப்புறம் காஸ்கில்… விடுதலைக்கு முன்னால ஒரு தடவை சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போடணும். விதி அப்படி."

"அவன் ஏற்கெனவே ரெண்டு தடவ பண்ணியிருக்கான்," என்றார் ஸ்டைரன். "ஊரு விழுந்தப்போ ஒண்ணு. உங்க கப்பலுக்கு வழிகாட்டியா சேந்தப்போ ஒண்ணு."

"விதி, கமிஷனர்."

* * *

எப்ராயிம் மூன்றாவது தடவையாகத் தூண்டில் முள்ளை வரைந்தான். விலங்கு கழன்றதும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. வீட்டுக்கும் போகவில்லை.

"பன்னெண்டு மணிக் கப்பல் வெளிய போகணும்ல?" என்றான். "அந்தக் கழிய நம்பிப் போனா அதுவும் திட்டுலதான் நிக்கும். படகக் கொண்டாங்க."

நீராவிக் கப்பல் ஆமை வேகத்தில் பின்னால் வர, இஷாம் துடுப்புப் போட, எப்ராயிம் கள்ளக் கழிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஆழம் பார்த்து நட்டுக்கொண்டே போனான். ஸ்டைரன் கழியை எடுத்துக் கொடுத்தார். ஆறாவது கழிக்கு எப்ராயிம் படகைத் தன் சிப்பித் தோட்டத்துக்கே திருப்பச் சொன்னான். மூலைப் பாத்தியின் நடுவில், கொழுத்த சிப்பிகளுக்கு மத்தியில், கழியை ஊன்றி இறக்கினான்.

"இங்கயா?" என்றார் ஸ்டைரன்.

"இங்கதான். முன்னயும் இங்கதான் நின்னுச்சு. அறுபதுல அடிச்ச பெருங்காத்துல வழி நகந்து என் மூலைக்குள்ள வந்துருச்சு. ஆழம் இங்கதானே இருக்கு, வேற எங்க நடறது?"

தன் தோட்டத்துக்குள்ளேயே கப்பல் வழிக் கழியை நட்டவன், சிப்பிக்காக வழியை வளைத்திருக்கவே மாட்டான். இதை இவன் கிடங்கிலேயே சொல்லியிருக்கலாம். இது சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

கப்பல் கழியை ஒட்டி வந்தது. பக்கச் சக்கரங்கள் சுழன்று அடிச்சேற்றைக் கிளப்பின. பழுப்புக் குழம்பு புரண்டு பாத்திகளின்மேல் படிந்தது. மேல்தட்டில், இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே, விலங்கு மாட்டிய கையோடு அசரையா டில் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தார். எப்ராயிமைப் பார்க்கவில்லை. ஸ்டைரனைப் பார்க்கவில்லை. கயிற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்த மனிதர் தண்ணீரைப் பார்த்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த குரலில் கத்தினார்.

"டேய், பாத்து! பாத்து ஓட்டுங்கடா! கீழ சிப்பி இருக்குடா!"

இஷாம் திரும்பி ஸ்டைரனைப் பார்த்தான். துடுப்பை மறுபடி தண்ணீரில் இறக்கினான்.

எப்ராயிம் தலையைத் தூக்கவே இல்லை. பின்னால் கையை நீட்டினான்.

"அடுத்த கழியக் குடு, மச்சான்."